நீ எந்த வெர்ஷன் ராசா?

வேலை சம்பந்தமா ஒரு பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் பொட்டியைப் பத்தி எழுதாம சினிமாவும் சாப்பாடுமா எழுதிட்டு இருக்கானேன்னு நண்பர் ஒருத்தர் கேட்டுட்டார். அதனால இன்னைக்குக் கொஞ்சம் ஆணி. டெக்னிக்கல் ஆளுங்க இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம், நடுவுல ஒரு கதையும் இருக்கு :-)

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். யாரோ ஒரு பழைய தமிழ்க் கட்டுரையை டெக்ஸ்ட் ஃபைலா அனுப்பி வைப்பாங்க. ஆசையா திறந்தா ஒரு தமிழ் எழுத்து கூட இருக்காது. அம்மான்னு இருக்க வேண்டிய இடத்துல எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு ஆங்கில எழுத்தா வரிசை கட்டி நிக்கும். ஒண்ணும் கெட்டுப் போகலை, அது பாமினி எழுத்துருவுல தட்டினது, அவ்வளவுதான். திஸ்கியில தட்டினது வேற மாதிரி குப்பையா தெரியும், டாப்ல தட்டினது இன்னொரு மாதிரி. ஃபைல் சரியாத்தான் இருக்கு, படிக்கிறவனுக்குத்தான் அந்த பாஷை தெரியலை. இதுல கொடுமை என்னன்னா, "நான் பாமினி"ன்னோ "நான் திஸ்கி"ன்னோ ஃபைலுக்குள்ள எங்கயும் எழுதியிருக்காது. நாமதான் முழிச்சு முழிச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்.

இதே கூத்து கம்பைலர் உலகத்துலயும் உண்டு. அங்க இதுக்குப் பேரு டீபக் இன்ஃபர்மேஷன்.

நாம சி-யிலயோ சி ப்ளஸ் ப்ளஸ்ஸிலயோ எழுதுற புரோகிராமை கம்பைலர் மெஷின் கோடா மாத்திடும். வேரியபிள் பேரு, லைன் நம்பர், எந்த ஸ்ட்ரக்சருக்குள்ள என்ன இருக்கு, எதுவும் மிஞ்சாது. வீடு கட்டி, பூசி, வெள்ளையும் அடிச்ச பிறகு சுவத்துக்குள்ள எந்த பைப் எப்படிப் போகுதுன்னு தெரியாது இல்லையா, அந்த மாதிரி. கொத்தனார் போகும்போது ஒரு வரைபடம் கொடுத்துட்டுப் போனா, நாளைக்குத் தண்ணி ஒழுகும்போது சரியான இடத்துல உடைக்கலாம். கம்பைலருக்கு மைனஸ் ஜி-ன்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தா அந்த வரைபடத்தை ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ளயே மடிச்சு வெச்சுடும். புரோகிராம் செத்து விழும்போது டீபகர் அதை எடுத்துப் படிச்சு, "இந்த ஃபைல், 412-வது லைன், இந்த வேரியபிள்ல இந்த மதிப்பு"ன்னு சொல்லும்.

பிரச்சனை என்னன்னா, வரைபடம் போடுற முறை ஒண்ணு இல்லை. முதல்ல யூனிக்ஸ் பக்கம் ஸ்டாப்ஸ்னு ஒரு முறை இருந்துச்சு. பாஸ்கல் மொழிக்கான பிடிஎக்ஸ்ங்கற டீபகருக்காக பெர்க்லில பீட்டர் கெஸ்லர் உருவாக்கினதா அதோட ஆவணம் சொல்லுது. சிம்பல் டேபிள்லயே நீளநீளமா ஸ்ட்ரிங் எழுதி, அதுக்குள்ள டைப் விவரத்தை எல்லாம் திணிச்சு வைக்கிற முறை. அப்புறம் பெல் லேப்ஸ்ல ட்வார்ஃப் வந்துச்சு. ஃபைல் ஃபார்மட்டுக்குப் பேரு எல்ஃப், அதனால இதுக்கு ட்வார்ஃப். ரெண்டும் மாயக்கதைல வர்ற பாத்திரங்கள். பேரு வைக்கிறதுல நம்ம ஆளுங்களுக்கு என்னைக்கும் குசும்புதான்.

ட்வார்ஃப் ஒண்ணு, 1993ல ரெண்டு (இது ஒண்ணோட ஒத்தே போகாது), 2005 கடைசில மூணு, 2010ல நாலு, 2017ல அஞ்சு. ஜிசிசி கம்பைலர் 4.8ல இருந்து, அதாவது 2013ல இருந்து, மைனஸ் ஜி-ன்னு மட்டும் சொன்னா நாலாம் வெர்ஷன்ல எழுதுச்சு. 2021ல வந்த ஜிசிசி 11 அஞ்சுக்குத் தாவிடுச்சு. கிளாங் 14, 2022ல அதே தாவல். கோ மொழி 2025ல வந்த 1.25ல அஞ்சுக்கு மாறுச்சு. நாம கொடுக்குற ஆப்ஷன் அதேதான், ஒரே மைனஸ் ஜி. உள்ள வர்ற சரக்கு மட்டும் வேற.

சரி, இப்ப கதைக்கு வருவோம்.

2023ல நடந்தது. எங்க கிளையன்ட் ஒருத்தர் (பேரு வேண்டாம், நான் இன்னும் வேலைல இருக்கணும்) பழைய லினக்ஸ் மெஷின்ல எங்க சாஃப்ட்வேரை ஓட்டிட்டு இருந்தாங்க. ஏழு ஷேர்டு லைப்ரரி. அதுல மூணை மட்டும் புது கம்பைலருக்கு, ஜிசிசி 11க்கு, மாத்தினோம். மிச்சம் நாலும் ஜிசிசி 8ல கட்டினது, அப்படியே விட்டுட்டோம். பில்ட் ஸ்கிரிப்ட்டை மாத்தின வேலையைச் செஞ்சது டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி. சேர்ந்து ஆறு மாசம். புரொபேஷன் முடிஞ்சு கன்ஃபர்மேஷன் லெட்டர் வர வேண்டிய நேரம்.

ரெண்டு வாரத்துல கிளையன்ட் இடத்துல புரோகிராம் படுத்துடுச்சு. கோர் டம்ப்பை வெளிய அனுப்பக் கூடாதுங்கறது அவங்க விதி. அதனால அங்க இருக்குற சப்போர்ட் ஆளே ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டி, டீபகர் கொடுத்த பேக்டிரேஸை மட்டும் மெயில்ல அனுப்பினார். பழைய நாலு லைப்ரரில இருந்து வந்த வரிகள்ல எல்லாம் ஃபைல் பேரு, லைன் நம்பர், ஆர்க்யுமென்ட் எல்லாம் பளிச்னு இருக்கு. புதுசா கட்டின மூணுல இருந்து வந்த வரிகள்ல வெறும் ஃபங்ஷன் பேரு மட்டும். லைனும் இல்லை, ஒரு வேரியபிளும் இல்லை. படுத்த இடமும் சரியா அந்த மூணுல ஒண்ணு.

ராத்திரி பத்து மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். கிளையன்ட் பக்கம் இருந்து ஒருத்தர் ஆரம்பிச்சார், "உங்க புது பில்ட்ல டீபக் இன்ஃபோவே இல்லை". எங்க டேமேஜர் உடனே, "ஸ்கிரிப்ட்டை மாத்தினது யாரு?" அவ்வளவுதான், கூண்டுல ஏத்தியாச்சு. அந்தப் பையன் "சார், மைனஸ் ஜி இருக்கு சார்"னு ரெண்டு தடவை சொன்னான். யாரும் காதுல வாங்கலை. பழசுல தெரியுது, புதுசுல தெரியலை, நடுவுல மாத்தினது நீ. கணக்கு முடிஞ்சு போச்சு. இப்படி முடிஞ்சு போற கணக்கைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும்.

எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, பதினஞ்சு வருஷ அனுபவம். மியூட் பண்ணிட்டு என்கிட்ட சொன்னாங்க, "நீ போய் அந்த மூணு லைப்ரரியையும் எடுத்துப் பாரு."

"பில்ட் லாக் இருக்குக்கா. அதுல மைனஸ் ஜி இருக்கறதைக் காட்டிட்டா போதாதா?"

"லாக்கை எடுத்துட்டு வராத. லாக், என்ன செய்யச் சொன்னாங்கன்னுதான் சொல்லும். என்ன நடந்துச்சுன்னு ஃபைல்தான் சொல்லும். ஃபைல்கிட்ட கேளு."

ஃபைல்கிட்ட எப்படிக் கேக்கறது? அந்த ராத்திரி நான் செஞ்சதையும், அதுக்கப்புறம் இதுக்குன்னே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினப்ப கத்துக்கிட்டதையும் சேர்த்து வரிசையா சொல்றேன். யாருக்காவது ஒரு ராத்திரி உதவலாம்.

முதல் கேள்வி, இது என்ன மாதிரி ஃபைல்? எல்ஃப்னா முதல் பைட் 127, அடுத்த மூணும் ஈ, எல், எஃப்ங்கற எழுத்துகள். லினக்ஸ்ல பெரும்பாலும் இதுதான். இது சுலபம்.

ரெண்டாவது கேள்வி, உள்ள என்னென்ன செக்‌ஷன் இருக்கு? ரீட்எல்ஃப் கமாண்டுக்கு மைனஸ் போட்டு பெரிய எஸ் கொடுத்தா பட்டியல் வந்துடும். டாட் ஸ்டாப், டாட் ஸ்டாப்ஸ்டர்னு ரெண்டு இருந்தா பழைய ஸ்டாப்ஸ். டாட் டீபக், டாட் லைன்னு மொட்டையா இருந்தா ட்வார்ஃப் ஒண்ணு, அருங்காட்சியகத்துல வைக்க வேண்டியது. டாட் டீபக் அண்டர்ஸ்கோர் இன்ஃபோ இருந்தா ட்வார்ஃப் ரெண்டு அல்லது அதுக்கு மேல. லினக்ஸ் கெர்னல் பக்கம் டாட் பிடிஎஃப்னு ஒண்ணு வரும், அது டைப் விவரத்தை மட்டும் சுருக்கி வைக்கிற தனி ஃபார்மட்.

இங்கயே ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணு, டாட் ஈஹெச் ஃப்ரேம்னு ஒரு செக்‌ஷன் கிட்டத்தட்ட எல்லா 64 பிட் இன்டெல் லினக்ஸ் ஃபைல்லயும் இருக்கும். பார்க்க ட்வார்ஃப் மாதிரியே இருக்கும், ஆனா அது எக்செப்ஷன் வரும்போது ஸ்டாக்கைப் பின்னாடி சுருட்டுறதுக்கு. மைனஸ் ஜி இல்லாம கட்டினாலும் இருக்கும். அதைப் பார்த்துட்டு டீபக் இன்ஃபோ இருக்குன்னு சொல்லக் கூடாது. ரெண்டாவது, ஃபங்ஷன் பேரு தெரியறதால டீபக் இன்ஃபோ இருக்குன்னும் சொல்லக் கூடாது. பேரு சிம்பல் டேபிள்ல இருந்து வரும், அது வேற டிபார்ட்மென்ட்.

இன்னொரு சின்ன விஷயம். செக்‌ஷன் பேரு இருந்தாலும் உள்ள இருக்குறது நேரடியா படிக்கிற மாதிரி இருக்கணும்னு அவசியம் இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க அமுக்கி வெச்சிருப்பாங்க. இப்பல்லாம் செக்‌ஷன் ஹெடர்ல அமுக்கப்பட்டதுன்னு ஒரு கொடி இருக்கும். பழைய முறைல செக்‌ஷன் பேரே டீபக்குக்கு முன்னாடி ஒரு இசட் சேர்ந்து ஆரம்பிக்கும். அதை விரிக்காம பைட் எண்ணினா ஜோசியம்தான்.

மூணாவது கேள்விதான் முக்கியமானது. ட்வார்ஃப் சரி, எந்த வெர்ஷன்? இங்கதான் ட்வார்ஃபைக் கட்டி முத்தம் கொடுக்கலாம் போல இருக்கும். டீபக் இன்ஃபோ செக்‌ஷன் பல யூனிட்டுகளா பிரிஞ்சிருக்கும், சோர்ஸ் ஃபைலுக்கு ஒண்ணுன்னு தோராயமா வெச்சுக்கலாம். ஒவ்வொரு யூனிட்டும் எப்படி ஆரம்பிக்கும்னா, முதல் நாலு பைட் யூனிட்டோட நீளம், அடுத்த ரெண்டு பைட் வெர்ஷன் நம்பர். அஞ்சாம் வெர்ஷன்னா நீளத்துக்கு அப்புறம் 05 00 01 08-னு வரும். 05 00 வெர்ஷன், 01 இது சாதாரண கம்பைல் யூனிட், 08 அட்ரஸ் எட்டு பைட். நாலாம் வெர்ஷன்னா 04 00, அப்புறம் அப்ரிவியேஷன் டேபிள் இருக்குற இடம் நாலு பைட், அதுக்கப்புறம்தான் 08. கவனிச்சீங்களா, அஞ்சுல வரிசையே மாறிடுச்சு. நாலு மட்டும் தெரிஞ்ச ஒருத்தன் அஞ்சைத் திறந்து அதே வரிசைல படிச்சான்னா அவனுக்குக் கிடைக்கிறது அம்மாவுக்குப் பதிலா எம், கே, செமிகோலன். ஆனா வெர்ஷன் நம்பர் மட்டும் எல்லாத்துலயும் அதே இடத்துல இருக்கு. மத்தது எது மாறினாலும் அது நகராது. "இவ்வளவு தூரம் வந்து என்னைப் படி, புரியலைன்னா நிறுத்திக்க"ன்னு ஃபைலே சொல்லுது.

நீளம் இருக்க வேண்டிய நாலு பைட்டும் 255 255 255 255-னு இருந்தா பயப்பட வேண்டாம். அது 64 பிட் ட்வார்ஃப், உண்மையான நீளம் அடுத்த எட்டு பைட்ல இருக்கும், அதுக்கப்புறம் வெர்ஷன். பிக் எண்டியன் மெஷின்னா 05 00-க்குப் பதிலா 00 05. இந்த ரெண்டையும் கணக்குல எடுத்துக்கிட்டா போதும். லிங்க் பண்ணாத ஆப்ஜெக்ட் ஃபைல்ல பல இடங்கள் ரீலொகேஷனுக்காகக் காலியா இருக்கும், ஆனா வெர்ஷன் நம்பர் ரீலொகேஷனுக்கு உட்பட்டது இல்லை. அதனால எதையும் லிங்க் பண்ணாமலே படிச்சுடலாம்.

இங்க நிறைய கருவிகள் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. முதல் யூனிட்டை மட்டும் பார்த்துட்டு, "இந்த ஃபைல் வெர்ஷன் நாலு"ன்னு முடிவு கட்டிடுவாங்க. ஃபைலுக்குன்னு ஒரு வெர்ஷன் கிடையவே கிடையாது, யூனிட்டுக்குத்தான் வெர்ஷன். லிங்கர் என்ன செய்யுது? பத்து ஆப்ஜெக்ட் ஃபைல்ல இருக்குற டீபக் இன்ஃபோவை ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டுது. ஒண்ணு 2014ல கட்டின லைப்ரரில இருந்து வந்திருக்கலாம், ஒண்ணு நேத்து கட்டினது. ஒரே எக்சிகியூட்டபிள்ல ரெண்டும் நாலும் அஞ்சும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும். தப்பே இல்லை, ட்வார்ஃப் அதை அனுமதிக்குது. ஒரு பஸ்ல எல்லா ஊர்க்காரனும் இருக்குற மாதிரி. ஜன்னலோர சீட்டுக்காரர்கிட்ட ஊரைக் கேட்டுட்டு மொத்த பஸ்ஸும் மதுரைன்னு எழுதிட முடியுமா? நீளத்தை வெச்சு ஒவ்வொரு யூனிட்டா தாண்டித் தாண்டிக் கடைசி வரைக்கும் போகணும். சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்ட் ஃபைலா இருந்தா இன்னும் ஒண்ணு. கம்பைலருக்கு டைப் யூனிட் ஆப்ஷன் கொடுத்திருந்தா, அஞ்சாம் வெர்ஷன்ல அதே டீபக் இன்ஃபோங்கற பேர்லயே பல செக்‌ஷன் ஒரே ஃபைல்ல இருக்கலாம். பேரை வெச்சுத் தேடி முதல்ல கிடைச்சதோட நின்னுடக் கூடாது.

நாலாவது, லைன் டேபிளுக்குத் தனி வெர்ஷன் நம்பர். அது டாட் டீபக் லைன் செக்‌ஷன்ல இருக்கு. இன்ஃபோ நாலாவும் லைன் மூணாவும் இருக்குற ஃபைலை நானே நிறைய பார்த்திருக்கேன். ஏன்னா டைப் விவரத்தை எழுதுறது கம்பைலர், லைன் டேபிளைப் பல நேரம் அசெம்ப்ளர் எழுதும். கம்பைலர் புதுசு, அசெம்ப்ளர் பழசுன்னா இப்படித்தான் ஆகும். அதனால ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.

அஞ்சாவது, புரொட்யூசர்னு ஒரு விவரம் ஒவ்வொரு கம்பைல் யூனிட்டுக்குள்ளயும் இருக்கும். எந்த கம்பைலர், அதுல என்ன வெர்ஷன்னு எழுதியிருக்கும். ஜிசிசி பல ஆப்ஷன்களையும் அதுலயே எழுதி வைக்கும், மைனஸ் ஜி உட்பட. பொட்டலத்துல ஒட்டின லேபிள் மாதிரி.

இத்தனையையும் கையால செய்ய வேண்டாம். ரீட்எல்ஃப்ல டீபக் டம்ப் ஆப்ஷனுக்கு இன்ஃபோன்னு கொடுத்து, வர்றதுல வெர்ஷன்னு இருக்குற வரிகளை மட்டும் பொறுக்கி எண்ணினா ஒரு நிமிஷத்துல கணக்கு கிடைக்கும். அன்னைக்கு ராத்திரி நான் செஞ்சது அதுதான்.

பழைய நாலு லைப்ரரில எல்லா யூனிட்டும் வெர்ஷன் நாலு. புது மூணுல எல்லா யூனிட்டும் வெர்ஷன் அஞ்சு. காலி இல்லை மக்களே, முழுசா இருக்கு. புரொட்யூசர் வரில ஜிசிசி 11, கூடவே மைனஸ் ஜி. அந்தப் பையன் ரெண்டு தடவை சொன்னதை ஃபைல் மூணாவது தடவையா சொல்லுச்சு.

அப்ப ஏன் கிளையன்ட் இடத்துல தெரியலை? அங்க இருந்த டீபகர் ஜிடிபி 7.6. அந்த வரிசை வந்தது 2013ல, அஞ்சாம் வெர்ஷன் வெளியானதே 2017ல. ஜிசிசி 11 வெளியீட்டுக் குறிப்புல ஒரு பட்டியலே போட்டிருக்காங்க. அஞ்சாம் வெர்ஷனைப் படிக்க ஜிடிபி 8.0, வால்கிரைண்ட் 3.17.0, எல்ஃப்யூட்டில்ஸ் 0.172, டிடபிள்யூஇசட் 0.14, இதுக்குக் கீழ இருந்தா வேலைக்கு ஆகாது, நாலாம் வெர்ஷன் வேணும்னு கம்பைலர்கிட்ட கேட்டு வாங்கிக்குங்கன்னு. ஜிடிபி 7.6 ஒண்ணும் கமுக்கமா இருக்கலை. "கம்பைல் யூனிட் ஹெடர்ல வெர்ஷன் தப்பு, இருக்கறது 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4"ன்னு தெளிவா ஒரு வரி எழுதியிருக்கு. ஆனா சப்போர்ட் ஆளோட ஸ்கிரிப்ட், எர்ரர் வரிகளை எல்லாம் டெவ் நல்ல தூக்கிப் போட்டுட்டு, பேக்டிரேஸை மட்டும் மெயில்ல ஒட்டியிருக்கு. அந்த ஒரு வரி அன்னைக்கு மெயில்ல இருந்திருந்தா ராத்திரி காலே நடந்திருக்காது.

அக்கா மியூட்டை எடுத்தாங்க. யார் பேரையும் சொல்லலை. "டீபக் இன்ஃபோ இருக்கு. வெர்ஷன் அஞ்சு. உங்க டீபகருக்கு நாலு வரைக்கும்தான் தெரியும். புது ஜிடிபி ஒண்ணு கட்டித் தர்றோம், அதே கோரை அதுல திறங்க." அடுத்த நாள் அவங்க திறந்தாங்க. லைன் நம்பர் வந்துச்சு, வேரியபிள் வந்துச்சு. படுத்த காரணம் பல வருஷமா யாரும் தொடாத ஒரு அர்ரே, எல்லையைத் தாண்டி எழுதிட்டு இருந்தது. கம்பைலர் மாறினதும் மெமரில பக்கத்து வீட்டுக்காரன் மாறிட்டான், அதான் இப்ப வெடிச்சுது.

ரிப்போர்ட்ல காரணம்ங்கற கட்டத்துல "டூல் இன்கம்பேட்டிபிலிட்டி"ன்னு ரெண்டு வார்த்தை. பையனுக்கு லெட்டர் வந்துடுச்சு. கால்ல கத்தினவங்க யாரும் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்ன மாதிரி தெரியலை. அவன் அடுத்த வாரம் வந்து, "அண்ணே, அந்த வெர்ஷன் பார்க்குறதை எனக்கும் சொல்லிக் கொடுங்க"ன்னு கேட்டான். இப்ப எங்க பில்ட்ல கடைசிப் படியா ஒரு சோதனை இருக்கு. கட்டி முடிச்ச ஒவ்வொரு ஃபைல்லயும் எல்லா யூனிட்டையும் எண்ணி, போய்ச் சேர்ற இடத்து டீபகருக்குத் தெரிஞ்சதை விட மேல ஒண்ணு இருந்தாலும் பில்ட் நின்னுடும். அதை எழுதினது அவன்தான். நான் எழுதினதை விட நல்லாவே எழுதியிருக்கான்.

லினக்ஸ் பக்கம் மட்டும் பேசிட்டேன், மத்தவங்க கோச்சுக்கப் போறாங்க. விண்டோஸ்ல விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்ட் ஃபைல்ல டாட் டீபக் டாலர் எஸ், டாட் டீபக் டாலர் டி-ன்னு செக்‌ஷன் இருந்தா அது கோட்வியூ. ஆனா அதே விண்டோஸ்ல மிங்டபிள்யூ ஜிசிசில கட்டினா உள்ள ட்வார்ஃப் இருக்கும். அதுல ஒரு காமெடி. காஃப் ஃபார்மட்ல செக்‌ஷன் பேருக்கு எட்டு எழுத்துக்குத்தான் இடம். டாட் டீபக் அண்டர்ஸ்கோர் இன்ஃபோ 11 எழுத்து. அதனால பேரை ஸ்ட்ரிங் டேபிள்ல வெச்சுட்டு, பேரு இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாய்கோடும் 4, 19 மாதிரி ஒரு நம்பரும் எழுதி வெச்சிருக்கும். பேரை மட்டும் தேடுற கருவி "டீபக் இன்ஃபோ இல்லை"ன்னு சத்தியம் பண்ணும். மேக்ல இன்னொரு விசேஷம். டீபக் விவரம் ஆப்ஜெக்ட் ஃபைல்லயே தங்கிடும், எக்சிகியூட்டபிளுக்கு வராது. எந்த ஆப்ஜெக்ட் ஃபைல்ல தேடணும்ங்கற குறிப்பு மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பு எதுல எழுதியிருக்குன்னு நினைக்கிறீங்க? நம்ம கிழவர் ஸ்டாப்ஸ்ல! ஜிசிசி 2022ல 12-வது வெளியீட்டுல ஸ்டாப்ஸுக்கு நோட்டீஸ் கொடுத்து, 2023ல 13-ல தூக்கியே போட்டுடுச்சு. மேக்ல அவர் இன்னும் வாசல்ல உக்காந்து வழி சொல்லிட்டு இருக்கார்.

இந்த வரலாற்றைத் தோண்டும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 2002ல ஜிசிசி 3.1 வந்தப்ப பெரும்பாலான எல்ஃப் மெஷின்கள்ல ஸ்டாப்ஸை விட்டு ட்வார்ஃப் ரெண்டுக்கு மாறினாங்க. அப்பவும் குறிப்புல எழுதியிருக்காங்க, இதைப் படிக்க ஜிடிபி 5.1.1 வேணும்னு. 19 வருஷம் கழிச்சு 2021ல அதே வசனம், நம்பர் மட்டும் வேற. எழுதுறவன் எப்பவும் ஒரு படி முன்னாடி போவான், படிக்கிறவன் பின்னாடி மூச்சு வாங்கி வருவான். ஃபார்மட் மாறாம இருக்கணும்னு கேக்கறது நியாயம் இல்லை. அஞ்சாம் வெர்ஷனுக்கு மாறினா டீபக் விவரம் 25 சதவீதம் வரைக்கும் சுருங்கும்னு அதே ஜிசிசி 11 குறிப்பு சொல்லுது. பெரிய புராஜெக்ட்ல அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

ஆனா மாறும்போது, "நான் இன்ன வெர்ஷன்"ன்னு மாறாத ஒரு இடத்துல எழுதி வைக்கிறது பெரிய மரியாதைன்னு எனக்குத் தோணுது. இருபது வருஷம் கழிச்சு யாரோ முகம் தெரியாத ஒருத்தன் திறப்பான், அவனுக்குப் புரியலைன்னாலும் ஏன் புரியலைன்னாவது புரியணும்னு ரெண்டு பைட் ஒதுக்கியிருக்காங்க. நம்ம பழைய எழுத்துருக்கள்ல அந்த ரெண்டு பைட் இருந்திருந்தா எவ்வளவு பேரோட கட்டுரைகளும் கதைகளும் இன்னைக்குக் குப்பையா தெரியாம இருந்திருக்கும்! உங்க வீட்டுல பழைய சிடில பாமினி, திஸ்கி ஃபைல்கள் இருந்தா, யூனிகோடுக்கு மாத்த நேரம் இல்லைன்னாலும் பரவாயில்லை. ஃபைல் பேர்லயே எழுத்துரு பேரைச் சேர்த்து வெச்சுடுங்க. பின்னாடி திறக்கறவங்க உங்களை வாழ்த்துவாங்க.

அப்புறம், யாராவது ராத்திரி பத்து மணிக்கு "டீபக் இன்ஃபோ இல்லை"ன்னு கத்தினா மூணே கேள்வி. செக்‌ஷன் இல்லையா? இருக்கு, ஆனா வேற வெர்ஷனா? படிக்கிற டீபகருக்கு எது வரைக்கும் தெரியும்? மூணுக்கும் பதில் ஃபைலை வெச்சு வந்த பிறகு, "மாத்தினது யாரு?"ங்கற நாலாவது கேள்வியைக் கேட்டுக்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

இதுல ஏதாவது விட்டிருந்தா, இல்லை உங்க ஆபீஸ்ல இதை விட சுவாரசியமான கூத்து நடந்திருந்தா சொல்லுங்க மக்களே. ஆணி கூப்பிடுது. வர்ட்டா?